ஊற்றுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்

என் தொழிலில் வாடிக்கையாளரிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: எதுவானாலும் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். ஊற்றி முடித்தபிறகு அந்தக் கடவுளே வந்து கேட்டாலும் சுவரில் ஓட்டை போட என்னால் ஆகாது.

வீடு கட்டி முடித்தவர்கள், கட்டப்போகிறவர்கள், எப்போது முடியும் என்று தெரியாமல் கட்டிக்கொண்டே இருப்பவர்கள், உங்களில் யாராக இருந்தாலும் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். சிங்கப்பூரில் தனி மனையில் தரைவீடு கட்டிக் கொடுப்பவர்கள் நிறையப் பேர். நுரைப்பலகைச் சுவர் வைத்துக் கட்டுகிறவர்கள் ரொம்பக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் நான் ஒருவன். விஷயம் சுலபம். உள்பக்கம் தெர்மோகோல் போன்ற கெட்டியான நுரைப்பலகை, வெளிப்பக்கமும் அதுவே, நடுவில் கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றுவோம். காய்ந்ததும் பலகையைப் பிரித்து எடுப்பதில்லை. அது சுவரோடு சுவராக அங்கேயே தங்கிவிடும். வெயில் உள்ளே ஏறாது, குளிர்ச்சி வெளியே போகாது, ஏர்கானைக் கொஞ்ச நேரம் போட்டு அணைத்தால் போதும். கூடவே, கேட்காமலே கிடைக்கும் இன்னொன்றும் உண்டு. சத்தமும் உள்ளே வராது.

ஊருக்கெல்லாம் இப்படிக் கட்டிக் கொடுத்தவன், என் ஒரே மகள் நந்தினிக்கும் ஒன்று கட்டினேன். சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் அவளுக்கும் மாப்பிள்ளை பிரகாஷுக்கும் ஒரு பழைய தரைவீடு அமைந்தது. அதை இடித்துவிட்டுப் புதிதாக எழுப்ப வேண்டும். வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தேன். மேலே அவர்களுக்கும் பேத்திக்கும் அறைகள். கீழே, செடிகொடி பார்த்தபடி, தனிக் குளியலறையோடு இன்னொரு படுக்கையறை. யாருக்கென்று யாரும் சொல்லவில்லை. என் மனைவி மல்லிகா போனபிறகு புக்கிட் மேராவில் நான் தனியாள். அந்த அறை எனக்குத்தான் என்று மகள் வாயால் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அந்த வேலை நடந்த காலம் முழுக்க எனக்கிருந்த ஆசை. அவள் சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன்.

மீன் பெட்டி

காதர் பாய்க்கு சிராங்கூன் சாலையில் துணிக்கடை. கல்யாணம் ஆன நாளிலிருந்து கடைக்கு மேல்மாடியிலேயே குடித்தனம். கீழே பஸ் சத்தம், பக்கத்தில் பூக்கடைக்காரர் கூப்பாடு, ஞாயிற்றுக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் போனபிறகு, மனைவியோடு இனியாவது அமைதியாக இருக்கலாம் என்று என்னிடம் வந்தார்.

நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம். வீடு பார்க்க வந்தால், தேங்காய் வாங்குவது போல முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். பாதி எழும்பிய தன் வீட்டைப் பார்க்க வந்த பாயும் தட்டினார். நுரைப்பலகை ‘டொப் டொப்’ என்றது. இன்னும் கொஞ்சம் தள்ளித் தட்டினார். அங்கேயும் டொப். நான் பதறிப்போய், உள்ளே முழுக்கக் கான்கிரீட்தான், லாரி மோதினாலும் அசையாது, பலகைமேல் பூச்சுப் பூசிவிட்டால் இந்தச் சத்தம் வராது என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். கடையில் பேரம் பேசுகிறவர்களை எப்படிப் பொறுமையாகக் கேட்பாரோ அப்படிக் கேட்டு முடித்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு சொன்னார்: “தம்பி, தேக்கா மார்க்கெட்டுல மீன் வர்ற பெட்டிய அடுக்கி வச்சிட்டு வீடுங்கறீங்க. எல்லாஞ் சரி, ஐஸ் எப்பப் போடுவீங்க?”

மழை

அந்த வீடு முடிந்து, அவர்கள் குடிபோய், பாய் பார்க்கிறவர்களிடமெல்லாம் என்னைப் புகழ்ந்துகொண்டிருந்த நேரம். ஒருநாள் அவர் மனைவி நூர்ஜஹான் அக்கா போன் செய்தார். “தம்பி, மழ பெஞ்சுது. கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்க.” வீடு கட்டிக் கொடுத்தவன் காதில் மழை என்றால் ஒழுகல் என்றுதான் விழும். எங்கே ஒழுகுகிறதோ என்று அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

ஒழுகவில்லை. ஒரு பொட்டு ஈரம் இல்லை. அக்காவின் புகாரே வேறு. மழை பெய்தது தெரியவில்லையாம். பின்பக்கம் காயப்போட்ட துணியெல்லாம் தொப்பலாக நனைந்து கிடந்தது. கடை மாடியில் இருந்தபோது முதல் துளி விழும்போதே தகரம் சொல்லிவிடுமாம். இங்கே மாடியில் பாய் இருமினால்கூடக் கீழே தெரிவதில்லை, சாப்பிடக் கூப்பிட வேண்டுமானால் போன் செய்ய வேண்டியிருக்கிறது என்றார். நான் நல்லபடியாக வேலை செய்ததுதான் அங்கே குறை. சன்னலைத் திறந்து வையுங்கள் அக்கா என்றேன். அவர் கையைக் காட்டினார். கூடத்துச் சன்னல்கள் எல்லாமே அகலத் திறந்துதான் கிடந்தன. வெளிச்சூடு ஜம்மென்று உள்ளே வந்துகொண்டிருந்தது.

“அந்த மழைக்கப்புறம் தொறந்துதான் தம்பி வச்சிருக்கேன். தொறந்து வச்சாத்தான் வீட்டுல மனுசங்க இருக்கற மாதிரி இருக்கு.”

அடுத்த வீட்டுக் கத்தி

என் வீட்டுக்கு அந்தக் குறையே கிடையாது. புக்கிட் மேராவில் பழைய அடுக்குமாடி. அடுத்த வீட்டு லிம் ஆண்ட்டி கோழி வெட்டினால் என் சாப்பாட்டு மேசை அதிரும். மேல்வீட்டில் யாரோ கோலி உருட்டுவது போல ஒரு சத்தம் எப்போதும் உண்டு. பகலெல்லாம் சத்தம் வராத சுவர் கட்டிவிட்டு, சாயங்காலம் இந்தச் சுவருக்குள் வந்து படுப்பவன் நான். யாராவது கேலி செய்தால், “அந்தக் கத்திச் சத்தம் இல்லாட்டி எனக்குத் தூக்கமே வராது, என்னை அங்கிருந்து யாராலும் கிளப்ப முடியாது” என்று மார்தட்டுவேன். தீபாவளிக்கு எல்லோரும் கூடினால், நந்தினி எதிரிலேயே, ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்வேன். தனியாக இருக்கிறவனுக்கு இப்படி ஏதாவது ஒரு வீம்பு தேவைப்படுகிறது. இல்லாவிட்டால் பார்க்கிறவர்கள் பரிதாபப்பட ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு அதுதான் பயம்.

ஒரு தடவை காய்ச்சல். எழுந்திருக்கவும் முடியாமல், டிவி போடவும் தோன்றாமல் கிடந்தேன். மறுநாள் கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். லிம் ஆண்ட்டி, கையில் கஞ்சிக் கிண்ணம். அவர் பேச்சில் சீனம் பாதி, மலாய் பாதி, ஆங்கிலம் மீதி; கணக்கு இடித்தாலும் விஷயம் வந்து சேர்ந்துவிடும். சிங்கப்பூர் ‘லா’வை மட்டும் விட்டுவைத்து நம் மொழியில் சொன்னால் இதுதான்: “அங்கிள், தினமும் உன் டிவி சத்தத்துக்கு நான் திட்டுவேன். அது கேக்கலன்னா எனக்குப் பயமா இருக்கு லா.”

பறந்த செங்கல்

நந்தினி வீட்டுக்குப் பூமி பூஜை. ஓமம் எல்லாம் முடித்துவிட்டுக் குருக்கள், “முதல் செங்கல் கொண்டாங்கோ” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீடு முழுக்கத் தேடினாலும் ஒரு செங்கல் அகப்படாத வீடல்லவா அது! பூஜைக்கென்று ஒன்று வாங்கி வைக்க வேண்டும் என்று இத்தனை வீடு கட்டியவனுக்குத் தோன்றவில்லை. மகள் வீடு என்ற பதற்றம்தான். சரி, இந்த வீட்டுக்குச் செங்கல் இதுதான் என்று ஒரு நுரைக்கட்டியை எடுத்து நீட்டினேன்.

“வலது கை, வலது கை” என்று குருக்கள் அதட்டினார். சாப்பிடுவதைத் தவிர எனக்கு எல்லாமே இடக்கைதான். நந்தினி சிரித்துக்கொண்டே, “விடுங்க குருக்களே, அப்பாவுக்கு எல்லாமே லெஃப்ட் சைடுதான்” என்றாள். குருக்கள் கட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மஞ்சளைத் தடவினார், ஒட்டவில்லை. குங்குமத்தைச் சற்று அழுத்தி வைத்துவிட்டு, ஈசானிய மூலையில் இறக்கிப் பூவும் சாத்தினார். எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டோம். நான் என்ன கும்பிட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். கண்ணைத் திறந்தால் மூலை காலி. அடித்த காற்றில் கட்டி கிளம்பி, வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டுக் கார்மேல் போய் உட்கார்ந்திருந்தது.

என் மேற்பார்வையாளர் வேல்முருகன் அதை எடுத்துவர ஓடினார். குருக்கள் விபூதித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எத்தனையோ வீட்டுக்குப் பூஜை பண்ணியிருக்கேன். செங்கல் எங்கிட்ட சொல்லிக்காமப் புறப்பட்டுப் போறத இன்னிக்குத்தான் பாக்கறேன்.”

சிக்னல்

வேல்முருகனுக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம் ஊர். என்னோடு வேலைக்குச் சேர்ந்து ரொம்ப வருடமாகிறது. கம்பி கட்டுவதில் அவருக்கு ஈடில்லை. ஆனால் சாப்பாட்டு இடைவேளை வந்தால், வீட்டுக்குள் நிழல் இருந்தும், மனிதர் வாசலுக்குப் போய் உச்சி வெயிலில் நிற்பார். வீட்டுக்காரர் வைஃபை வைக்கும்வரை எங்கள் சுவரும் அதிலுள்ள கம்பியும் சேர்ந்து போன் சிக்னலைக் கொன்றுவிடும். வெளியே நின்றால்தான் ஊரிலிருக்கும் மனைவி முகம் திரையில் தெரியும்.

ஊரில் அவரும் ஒரு வீடு கட்டினார். கட்டினார் என்றால், இங்கிருந்தே போனில் கட்டினார். அஸ்திவாரம், தளம், பெயின்ட் எல்லாவற்றையும் திரையிலேயே பார்த்துச் சரி சொன்னவர். போய்வந்தீர்களா, வீடு எப்படி இருக்கிறது என்று லீவு முடிந்து வந்தவரிடம் கேட்டேன். வெட்கப்பட்டவர் போலச் சிரித்தார். “நல்லாத்தாண்ணே இருக்கு. மொத நாளு சாயங்காலம் லைட்டப் போடலாம்னு எந்திரிச்சேன். எம் வீட்டுல சுவிட்சு எங்க இருக்குன்னு எம் புள்ளையக் கேக்க வேண்டியதாப் போச்சு.”

நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்

கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பு வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு அறையாக நடப்பது என் வழக்கம். மெல்லிய ஒயரைப் பின்னால்கூடப் பலகையைக் கீறி ஒளித்துவிடலாம். சுவரைத் துளைத்துப் போகும் குழாய், கனமான எதையாவது தாங்கும் இரும்பு, இதெல்லாம் முன்கூட்டியே உள்ளே இருந்தாக வேண்டும். மாப்பிள்ளை பிரகாஷ் கெட்டிக்காரர். அடுப்படிப் புகைக்குழாய், காருக்குச் சார்ஜ் ஏற்றும் ஒயர் என்று அவர் சொல்லச் சொல்ல நான் பலகையில் குறி போட்டுக்கொண்டே வந்தேன். நந்தினி காதில் போனோடு ஆபீஸ் வேலையாக நடந்து வந்தாள்.

கீழறைக்கு வந்தோம். பிரகாஷ் அடுத்த அறைக்குப் போய்விட்டார். “இந்த ரூமுக்கு ஏதாச்சும் சொல்லணுமாம்மா? சொல்றதா இருந்தா இப்பவே சொல்லிரு” என்றேன். நான் குழாயைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு, “நீங்களே பாத்துக்குங்கப்பா. உங்களுக்குத் தெரியாததா?” என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். சாதாரணமாகச் சொன்னதுதான். ஆனால் எனக்கு அது எப்படிக் கேட்டது என்று நினைக்கிறீர்கள்? அன்று டோபி காட் நிலையத்தில் ரயில் மாறும்போது, இறங்க வேண்டிய படியில் ஏறி, ஏற வேண்டிய படியில் இறங்கினேன். அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் காலை, கான்கிரீட் லாரி வருவதற்கு முன்னால், அந்தக் குளியலறைச் சுவருக்குள் ஒரு இரும்புத் தகட்டைக் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். வயதானவர்கள் பிடித்து எழுந்திருக்க ஒரு கைப்பிடி வேண்டும். இப்போது தேவையில்லாவிட்டாலும் நாளைக்கு முழங்கால் மக்கர் செய்யும்போது வேண்டியிருக்கும். கழிவறை வரப்போகும் இடத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கையை நீட்டி, எட்டும் உயரம் பார்த்துக் குறித்தேன். கம்பி முறுக்கிக்கொண்டிருந்த வேல்முருகன் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

“அண்ணே, கைப்பிடி ட்ராயிங்லயே இல்ல. அப்பிடியே வச்சாலும் எல்லாரும் வலது பக்கந்தானே வப்பாங்க?”

ஒற்றைக் கட்டில்

தரையில் டைல் ஒட்டி முடித்த சமயம் நந்தினி டேப்போடு வந்தாள். கீழறைக்குக் கட்டில் வாங்க அளவு எடுக்க வேண்டுமாம். ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொன்னாள். சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன். “டபுளா, சிங்கிளா?” என்று கேட்டேன். “சிங்கிள் போதும்பா” என்றாள். என் நெஞ்சு படபடத்தது எனக்கே கேட்டது. அந்தச் சுவருக்குள் வேறு எந்தச் சத்தமும் இல்லையே!

“பிரகாஷோட அம்மா இங்க வந்துடறாங்கப்பா. பொங்கோல்ல அவரோட அண்ணன் வீட்டுலதான இருந்தாங்க. அண்ணனுக்கு ஆஸ்திரேலியாவுக்கு மாத்தலாயிருச்சு. அத்தைக்கும் முன்ன மாதிரி நடக்க முடியல.” என் கையிலிருந்த முனை நழுவியது. டேப் சர்ரென்று ஓடி அவள் விரலில் பட்டென்று அடித்தது. “என்னப்பா?” என்று கையை உதறினாள். ஒன்றுமில்லை, வழுக்கிவிட்டது என்றேன். “நல்ல காரியம்மா. வயசானவங்களத் தனியா விடக்கூடாது” என்றும் சொன்னேன். அதை எப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு ஆச்சரியம்தான். அவள் டேப்பை மறுபடி என்னிடம் நீட்டினாள்.

“அதாம்பா. உங்கள மாதிரி தனியாச் சமாளிக்கற தைரியம் அவங்களுக்குக் கிடையாது.”

கைப்பிடி

தகடு சுவருக்குள் போய்விட்டது. மேலே டைலும் வந்துவிட்டது. கைப்பிடியை மாட்டாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஒருநாள் முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நடக்க முடியாத ஒருவர் அங்கே வந்து இருக்கப்போகிறார். அவரிடம் காட்டவா என் கோபம்? நானே போய் மாட்டினேன். மாட்டிவிட்டு ஒரு தடவை பிடித்துப் பார்த்தேன். அசையவில்லை. என் வேலை எப்போதுமே சுத்தம்.

புதுமனை புகுவிழா அன்று பால் காய்ச்சுவதில் ஒரு கூத்து. பித்தளைப் பானையை வைத்தால் புது இண்டக்‌ஷன் அடுப்பு சூடாகவே மாட்டேன் என்றது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்திடம் மேசைமேல் வைத்து ஸ்டீம்போட் சூப் கொதிக்கவைக்கும் சின்னக் கேஸ் அடுப்பை இரவல் வாங்கி, அதில் பால் பொங்கியது. அதே வீட்டுக் கார்மேல்தான் எங்கள் செங்கல் போய் உட்கார்ந்தது என்று நான் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான் சம்பந்தியம்மா கீழறையிலிருந்து மெதுவாக நடந்து வந்தார்.

“சம்பந்தி, அந்தக் கைப்பிடி எனக்குன்னே அளந்து வச்ச மாதிரி இருக்கு. எனக்கு வலது தோள தூக்கவே முடியாது. இடது பக்கம் வைக்கணும்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?” கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். பிரகாஷ், “மாமா எல்லாத்தையும் முன்னாடியே யோசிச்சிருவாரு” என்றார். நான் பாயசக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினேன். நந்தினி மட்டும் அதில் சேரவில்லை. எழுந்து அந்தக் குளியலறைக்குள் போனாள். உள்ளே அவள் என்ன செய்தாள் என்று தெரியாது. நான் கட்டிய சுவர், ஒன்றும் கேட்கவில்லை.

நான் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். வாசலில் செருப்பு வாரைப் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள். வாரைப் பிடித்திருந்த என் இடக்கையையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. “நீங்கதானப்பா அந்த வீட்ட விட்டு எங்கயும் வரமாட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தீங்க. நான் கூப்பிட்டு நீங்க மாட்டேன்னுட்டா என்ன பண்றதுன்னுதான் கேக்கவே இல்ல” என்றாள். என் பிழைப்புக்கான வார்த்தையை அவள் என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாப்பா?”

புக்கிட் மேராவுக்கு வந்து, லிம் ஆண்ட்டிக்குக் கேட்கும்படி டிவியைச் சத்தமாகப் போட்டேன். சத்தம் உள்ளே வராது என்று சொல்லிச் சொல்லியே இத்தனை வீடு கட்டிக் கொடுத்துவிட்டேன். உள்ளே இருப்பதும் வெளியே யாருக்கும் கேட்காது என்பதை இனிமேல் ஊற்றுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.